பிணைக்கிற அக்கா

பிணைக்கிற அக்காவோடு நின்று பேசுவதில் ஓர் ஆபத்து உண்டு. பேசி முடித்துக் கிளம்பினால் கிளம்ப முடியாது. நம் துண்டின் நுனியில் தொங்கும் நூலை அவள் தன் முந்தானைக் குஞ்சத்தோடு முறுக்கிச் சேர்த்திருப்பாள். வேண்டுமென்று செய்வதில்லை. வாய் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்கும், விரல் ஒரு பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். ஒருமுறை செவிலிமேட்டு டவுன் பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். என் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர். எங்கள் இருவர் தோளிலும் துண்டு. அவர் இறங்கியபோது என் துண்டும் அவரோடு சேர்ந்து இறங்கிப் போய்விட்டது.

“ஏன்க்கா இப்படி?” என்றேன்.

“ரெண்டு நுனி பக்கத்துல பக்கத்துல ஆடிக்கினு இருந்துச்சுபா. நான் இன்னா பண்றது?”

அவள் தொழிலே அதுதான். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், நெய்து முடிந்ததும் அடுத்த பாவை ஏற்றவேண்டும். பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து முறுக்கிச் சேர்க்கவேண்டும். முடிச்சுப் போட்டால் தறியில் சீப்புபோல இருக்கும் அச்சின் பல்லில் நுழையாது. பட்டு வழுக்கும் என்பதால் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். இதற்குப் பேர்தான் பிணைப்பது. ஆயிரக்கணக்கில் இழைகள் இருக்கும். அக்கா வீடு வீடாகப் போய்ப் பிணைத்துவிட்டு வருவாள். அவளுடைய வலதுகை விரல் இரண்டும் எப்போதும் சாம்பல் நிறம். சோறு பிசைந்து கை கழுவினாலும் அந்த நிறம் போகாது.

அவள் வீட்டுக்கு எதிரே எனக்கு ஃபிளெக்ஸ் பேனர் கடை. பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே பின்னணிப் படம்தான்: நீல வானம், வெள்ளைப் புறா. இதுவரை எந்தக் குழந்தையும் புகார் சொன்னதில்லை, எந்தப் பிணமும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுப் பாசத்தில் அக்காவுக்கு ஒரு பலகை அடித்துக் கொடுத்தேன். ‘இங்கு பாவு பிணைக்கப்படும்’ என்பதில் கொம்பை விட்டுவிட்டேன். ‘இங்கு பாவு பிணக்கப்படும்’ என்று வாசலில் தொங்கியது. தெருவில் போன ஒரு தமிழ் வாத்தியார் வண்டியை நிறுத்தி என்னைக் கூப்பிட்டு, பிணக்கு என்றால் சண்டை என்றும், இந்த வீட்டில் சண்டை மூட்டித் தரப்படும் என்று நான் விளம்பரம் செய்திருப்பதாகவும் விளக்கினார். ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். மாற்றித் தருகிறேன் என்றேன்.

“இருக்கட்டும்பா,” என்றாள். “சண்டை போட்டுக்கிறவங்களும் வருவாங்க. அவங்களையும் பிணைச்சுடலாம்.”

வந்தார்கள். இதுதான் சிக்கல். பேசாமல் இருக்கிற அண்ணன் தம்பி, வீட்டை விட்டுப் போன பிள்ளை, நிச்சயம் முறிந்த இரண்டு குடும்பம் என்று அக்கா எல்லா இடத்திலும் விரலை வைத்தாள். முக்கால்வாசி நன்றாகத்தான் முடிந்தது. அதனால் தெருவில் அவளுக்கு ஒரு மரியாதை இருந்தது.

எங்கள் தெருமுனையில் ஒரு பெண். ஆரணிப் பக்கம் கட்டிக்கொடுத்தது. புருஷனோடு இருக்க மாட்டேன் என்று வந்துவிட்டாள். அக்கா விடவில்லை. ஆரணிக்கும் இங்கேயுமாக நடந்து, அவனுக்குப் புத்தி சொல்லி, இவளுக்குச் சமாதானம் சொல்லி, கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். மாதம் திரும்புவதற்குள் அந்தப் பெண் கையில் மாவுக்கட்டோடு திரும்பி வந்தது. அவள் அம்மா அக்காவின் வாசலில் நின்று கேட்ட கேள்வியெல்லாம் எழுதக்கூடியவை அல்ல. கூட்டம் கலைந்தபிறகு அக்கா என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

“நுனி ரெண்டும் பாக்கறதுக்கு நல்லாத்தான்பா இருந்துச்சு. பிணைச்சா ஒருவாட்டி இழுத்துப் பாக்கணும். நான் இழுத்துப் பாக்கல.”

நான் ஏதோ ஜோக் சொல்ல வாயைத் திறந்து, வராமல் மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அரிதாக நடப்பது அது. அந்தப் பெண் அதன்பிறகு ஆரணிக்குப் போகவில்லை. போ என்று அக்காவும் சொல்லவில்லை. ஆனால் ‘அறுத்துவிடு’ என்றும் அவள் வாயில் வரவில்லை. அந்தச் சொல்லையே அவள் பேசி நான் கேட்டதில்லை. இழை அறுந்துவிட்டால்கூட ‘இழை விட்டுக்கிச்சு’ என்பாள். அவள் வேலைப்பையில் கத்தரிக்கோல் கிடையாது.

இப்போது வண்டிக்கு வருகிறேன்.

அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஒரு பட்டு முதலாளி வீட்டில் டிரைவராக இருந்தவர். முதலாளியின் மகன் எங்கிருந்தோ வாங்கி வந்த வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அங்கே இருந்தது. சிவப்பு. இரண்டே சீட்டு. துணிக் கூரை. உட்கார்ந்தால் நம் பின்பக்கம் தார்ரோட்டில் உரசும்போல இருக்கும், அத்தனை தாழ்வு. முன்னால் இருந்த கம்பெனிச் சின்னத்தை யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டதால், அது எந்த நாட்டு வண்டி என்பதில் எங்கள் தெருவில் கட்சிகள் உண்டு. நான் இத்தாலிக் கட்சி. காரணம் ஒன்றுமில்லை, சொல்வதற்கு நன்றாக இருந்தது.

மகன் வெளிநாட்டுக்குப் போனான், வண்டி மாட்டுக் கொட்டகைக்குப் போனது. வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தது. வீட்டை இடித்துக் கட்டும்போது முதலாளி, “நீ எடுத்துக்கினு போறியா, காயலான் கடைக்குப் போடட்டுமா?” என்று மாமாவைக் கேட்டார். மாமா டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ராஜவீதி முழுக்க ஜனங்கள் பார்த்துச் சிரித்தார்களாம். அந்த அவமானம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. “கடன்காரன் மாட்டைப் புடிச்சுக்கினு போற மாதிரி இழுத்துக்கினு வந்தேன்டா,” என்பார்.

பழைய காலத்து நீள வீடு அது. முன்னால் ஒரு கூடம், பின்னால் சமையலறை, நடுவில் செங்குத்தான படிக்கட்டு, மேலே ஓர் அறை. கூடத்துக்குக் கடைபோல ஷட்டர் வைத்திருந்தார்கள். வண்டி கூடத்தில் மூலைக்கு மூலை கோணலாக, ஒரு கதவு தெருப் பக்கமும் மறு கதவு சமையலறைப் பக்கமுமாக ஏறி உட்கார்ந்தது, அவ்வளவுதான், அதற்கப்புறம் அசையவில்லை. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் போகவேண்டும். என் உடம்புக்கு அந்த இடுக்கு போதாது. நான் வண்டியின் ஒரு கதவில் ஏறி மறு கதவில் இறங்கித்தான் சமையலறைக்குப் போவேன். ஸ்போர்ட்ஸ் காரில் காப்பி குடிக்கப் போகிற ஆள் காஞ்சிபுரத்தில் நான் ஒருவன்தான் என்று பெருமை வேறு.

வெள்ளிக்கிழமைதோறும் மாமா வண்டிக்கு முன்னால் குனிந்து, ஃபேனைப் பிடித்து இன்ஜினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். பிளக் ஓட்டையில் எண்ணெய் ஊற்றுவார். ஆயுத பூஜைக்குச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். வண்டி நகர்ந்தால்தானே நசுங்கும்? அடுத்த வருஷப் பழம் வரும்போது போன வருஷப் பழம் கொட்டைப்பாக்கு மாதிரி காய்ந்து அங்கேயே இருக்கும்.

பிறகு மாமாவின் சிறுநீரகம் இரண்டும் போயிற்று.

வாரத்துக்கு மூன்று நாள் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக இடது மணிக்கட்டில் ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே குறுகுறுவென்று ஓடுவது தெரியும். தினமும் காலையில் அக்கா அங்கே விரலை வைத்துப் பார்ப்பாள். ஓடவில்லை என்றால் உடனே தூக்கிக்கொண்டு வரச்சொல்லியிருந்தார்கள். “டாக்டரு நல்லாத்தான் பிணைச்சுக்கிறாரு,” என்று என்னிடம் சொன்னாள். அவள் இன்னொருத்தர் கைவேலையைப் பாராட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். தண்ணீர் குடிக்கக் கட்டுப்பாடு. தாகத்துக்கு ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு மாமா நாளெல்லாம் மாடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

ஆஸ்பத்திரி நாளில் அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் படியில் இறக்குவோம். மேலே ஆட்டோக்கார அண்ணன், கீழே நான். கீழே இருப்பவன்மேல்தான் பாரமெல்லாம் வரும் என்பது எனக்கு முதல் நாளே புரிந்துவிட்டது, ஆட்டோக்கார அண்ணனுக்கு அதற்கு முன்பே புரிந்திருந்தது. ஒருநாள் பாதிப் படியில் என் கால் வழுக்கியது. நாற்காலி சாய்ந்து, மாமாவின் இடதுகை சுவரில் மோதி, ரத்தம் பீச்சி அடித்தது. அக்கா ஒரே தாவலில் வந்து அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை விரலை எடுக்கவில்லை. அங்கே நர்ஸம்மா கண்டபடி திட்டினார்கள். இனி படி ஏற்றி இறக்கக் கூடாது, ஆளைக் கீழேயே படுக்கவையுங்கள், இல்லையென்றால் படியிலேயே ஒருநாள் முடிந்துவிடும் என்றார்கள்.

கீழே வண்டி இருந்தது.

“வண்டியை எடுத்துடலாம், சொல்லுங்க,” என்று அக்கா கேட்டாள். கிரேன் வைத்திருக்கும் ஆள் எனக்குத் தெரியும் என்று நான் இடையில் புகுந்தேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த அஞ்சலி பேனர் எனக்குத்தானோ என்று தோன்றியது.

“அதை இழுத்துக்கினு போறதுக்கு அது செத்த மாடு இல்ல. கயிறு போட்டீங்க, நான் இனிமே ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன். இங்கியே கெடந்து போறேன்.”

“அப்போ எப்பத்தான் கீழ வருவீங்க?”

“அது தானா ஓடி வெளிய போவட்டும். அன்னிக்குக் கீழ வரேன். அம்மன் மேல சத்தியம்.”

இது நடக்காத காரியம் என்று நினைத்துத்தான் சொன்னார். எதிரில் நிற்பது யார் என்பதை மறந்துவிட்டார். எதிரெதிரே இரண்டு நுனி தெரிந்தால் அக்காவால் சும்மா இருக்க முடியாது.

ஒலிமுகம்மதுபேட்டையிலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். ஆற்காட்டுக்காரர். பழைய வண்டி என்றால் சாப்பாடு மறந்துவிடும். பானெட்டைத் திறந்து, ஃபேனைச் சுற்றிப் பார்த்து, “அரே, இன்ஜின் ஜாம் ஆவலியே,” என்று மகிழ்ந்துபோனார். மாமாவின் வெள்ளிக்கிழமை வேலை. கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பெட்ரோல் டேங்கில் துருவைச் சுரண்டினார். ஏதோ ஒரு வேன் டயர் பொருந்தியது. எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது. டேஷ்போர்டைக் கழற்றியபோதுதான் அவர் தலையில் கை வைத்தார். உள்ளே ஒயர் முழுக்க எலி கடித்து, கொத்துக் கொத்தாக நுனிகள் தொங்கின.

“இது முடியாதுக்கா. இந்த வண்டிக்கு ஒயரிங் செட் இங்க கெடைக்காது. சொல்லிவெச்சு வரவழைக்கணும். எப்ப வருமோ.”

அக்கா டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் அந்த வருஷத்தில் நான் பார்க்காத ஒரு வெளிச்சம்.

“கலர் கலராத்தான இருக்குது. நான் பிணைச்சுடறேன்.”

“ஒயரும் நூலும் ஒண்ணா அக்கா?”

“ரெண்டு பக்கமும் நுனி இருக்குதா இல்லியா?”

பாய் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். ஒயரின் மேல்தோலைச் சீவி, கம்பியை முறுக்கி, டேப் சுற்றவேண்டும் என்று ஒன்றைச் செய்து காட்டிவிட்டு, ரம்ஜானுக்கு ஊருக்குப் போய்விட்டார்.

அக்கா பிணைக்கப் போவதை நிறுத்திவிட்டு அந்த வேலையில் உட்கார்ந்தாள். சீட்டைக் கழற்றிப்போட்டு, மல்லாந்து படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் கொடுத்து, நெஞ்சின்மேல் சாம்பல் கொட்டாங்குச்சியை வைத்துக்கொண்டு வேலை செய்வாள். அவளுடைய பாதம் இரண்டும் கதவு வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, செல்லில் ஏதோ ஒரு வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்த்து, “பச்சையில செவப்புக் கோடு, ஹெட்லைட்டுக்கு” என்று படிப்பேன். அது இந்த வண்டியின் படம்தானா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாடியிலிருந்து மாமா கைத்தடியால் தரையைத் தட்டுவார்.

“இன்னா பண்றா அவ?”

“பிணைக்கிறாங்க மாமா.”

பிறகு மறுபடியும் தட்டுவார். “எவ்ளோ ஆச்சு?”

ஆர்வத்தில் கேட்கிறார் என்று நினைத்தேன்.

பாய் பண்டிகை முடிந்து வந்தார். புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பினார். ஹெட்லைட் ஒன்று, வயதான பூனை கண்ணைத் திறப்பதுபோல மங்கலாகத் திறந்து மூடியது. அவ்வளவுதான். இன்ஜினிடம் மூச்சே இல்லை. பாய் டேஷ்போர்டுக்கு அடியில் போய் ஒரு பிணைப்பைப் பிரித்து விரலால் தேய்த்துப் பார்த்தார். இன்னொன்றைப் பிரித்தார். பிறகு அங்கேயே படுத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

“அக்கா, இன்னாக்கா இது, சாம்பலு?”

“சாம்பல் தொடாம எப்படிபா பிணைக்கறது?”

“கரண்டு எப்படிக்கா போவும் சாம்பலைத் தாண்டி?” கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு வெளியே வந்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “கொஞ்சமா போவுதுக்கா. இல்லன்னு சொல்லல. மூச்சு வாங்கிக்கினு போவுது. எல்லாத்தையும் கட் பண்ணிட்டுப் புதுசா முறுக்கிடலாம். கட்டர் இந்தா.”

அக்கா கட்டரை வாங்கவில்லை. ஒவ்வொரு பிணைப்பையும் விரலாலேயே பிரித்தாள். கெரசின் துணியால் கம்பியைத் துடைத்து, சாம்பல் தொடாத விரலால் திரும்ப முறுக்கினாள். கம்பி குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் ரத்தம். ஒவ்வொன்றையும் முறுக்கியபின் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

அடுத்த தடவை பாய் சாவியைத் திருப்பியபோது வண்டி இருமியது. இன்னொரு தடவை இருமியது. பிறகு கூடமே அதிர்கிற மாதிரி ஓர் உறுமல். பல வருஷத் தூசி புகையோடு சேர்ந்து ஷட்டர் வழியாகத் தெருவுக்குப் பாய்ந்தது. தெருவே ஓடி வந்தது. தறியில் இருந்தவர்கள் தறியை விட்டு வந்தார்கள். ‘இத்தாலி, இத்தாலி’ என்று நான் குதித்தேன். அக்கா பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்து நின்றிருந்தாள். மாமாவின் மணிக்கட்டில் காலையில் விரல் வைத்துப் பார்ப்பாளே, அதே முகம்.

நான் படியேறி மாடிக்கு ஓடினேன். “மாமா, கேட்டுச்சா?”

மாமா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். “மூணு சிலிண்டர்தான் பேசுது. நாலாவது சும்மா இருக்குது.”

கீழே போய்ச் சொன்னேன். பாய் ஒரு பிளக்கை மாற்றினார். நான்கும் பேசின. திரும்ப மேலே வந்தேன்.

“கிளட்ச் புடிக்குமா கேளு.”

பிடித்தது. பிரேக் கேட்டார். பாய் வண்டியை ஒரு முழம் முன்னால் விட்டு நிறுத்திக் காட்டினார். நான் மேலும் கீழுமாக ஓடி ஓடி, அந்த வண்டியைவிட மோசமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அக்காவே மேலே வந்தாள். கையெல்லாம் பெட்ரோல் வாடை.

“ஓடுதுங்க. நாளைக்குக் காலையில பாய் வந்து வெளிய எடுத்துடுவாரு. கழுவித் தொடைச்சுட்டு, கட்டிலை அங்க போட்டுடலாம்.”

“எங்க?”

“கீழதான். கூடத்துல.”

மாமா வாயிலிருந்த ஐஸ் கட்டியைக் கையில் துப்பினார். “கூடத்துக்கு எறக்குறியா என்னை?”

எங்கள் தெருவில் ‘கூடத்துக்கு எறக்கியாச்சு’ என்றால் ஒரே அர்த்தம்தான். இன்றோ நாளையோ என்று இருக்கும் ஆளைத்தான் உள்ளறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்து போடுவார்கள். மூச்சு நின்றதும் தலைமாட்டில் விளக்கேற்றி அங்கேயே கிடத்துவார்கள். கூடத்துக்கு இறக்கிய செய்தி வந்த கையோடு என் கடைக்கு வாட்ஸப்பில் போட்டோவும் வந்துவிடும். அது என் பிழைப்பு. அக்காவுக்கும் எனக்கும் அத்தனை நாளும் அது தோன்றவில்லை. எங்களுக்கு அது வண்டி நிற்கிற இடம்.

“ஆஸ்பத்திரியில சொன்னாங்கன்னுதான...”

“கூடத்துக்கு எறக்குனவன் எவனாவது திரும்ப மாடி ஏறிக்கிறானா? ஒரு பேர் சொல்லு.”

அக்கா பெட்ரோல் கையை முந்தானையில் துடைத்தாள்.

“அது அங்க நிக்கற வரைக்கும் எனக்கு அங்க எடம் இல்லன்னு இருந்தேன்,” என்றார். பிறகு கையில் கரைந்துகொண்டிருந்த ஐஸைப் பார்த்தபடி, “சொன்ன சொல்லு இருக்குது. ஓடிச்சுன்னா வரேன்னு சொன்னேன். அம்மன் மேல சொன்னேன். வரேன். பயந்துக்கினு சொல்றேன்னு நெனச்சுக்காத.”

“நெனைக்கல.”

“பயமாத்தான் இருக்குது.”

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டில் விரலை வைத்தாள். அது காலையும் இல்லை, பார்க்கவேண்டிய நேரமும் இல்லை. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சுவரிலிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். ராகுகாலம், எமகண்டம், எல்லாம் படித்துவிட்டேன்.

பிறகு அவள் எழுந்து கீழே போனாள். நானும் போனேன். பாய் கிளம்பியிருந்தார். கூட்டம் கலைந்திருந்தது. ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, “உன் கத்தரிய எடுத்துக்கினு வாபா,” என்றாள்.

“ஃபிளெக்ஸ் வெட்டறதுங்களா?”

“அதுதான்.”

கொண்டுவந்து கொடுத்தேன். அதைப் பிடிக்கவே அவளுக்குத் தெரியவில்லை. விரலை வளையத்தில் தப்புத் தப்பாக நுழைத்தாள். சீட் இல்லாத தரையில் முட்டிபோட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, தான் முறுக்கிய ஒயர்களைக் கொத்தாகப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே இருந்தாள்.

“நீ திரும்பிக்கோபா.”

திரும்பிக்கொண்டேன். ஷட்டரின் ஓட்டை வழியாகத் தெருவில் ஒரு நாய் போவது தெரிந்தது. பின்னால் சத்தம் கேட்டது. ஒரே வெட்டில் போகவில்லை. நறநறவென்று பல வெட்டு. நான் திரும்பியபோது கத்தரி தரையில் கிடந்தது. அக்கா படியடியில் நின்று மேலே பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, வண்டி நின்னுபோச்சு. உள்ள மறுபடியும் எலி கடிச்சுக்குது.”

மேலே கைத்தடி ஒருமுறை தரையைத் தட்டியது. “அப்படியா,” என்றார் மாமா.

மறுநாள் ஆஸ்பத்திரி நாள். நாற்காலியில் மாமா, கீழே நான், மேலே ஆட்டோக்கார அண்ணன். பக்கவாட்டில் அக்கா, அவர் இடதுகையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கூடத்தில் நாற்காலியை வண்டிக்குள் ஏற்ற முடியாது என்பதால், அவரை மட்டும் தூக்கி ஒரு கதவில் கொடுத்து மறு கதவில் வாங்கவேண்டும். டிரைவர் பக்கத்தில் அவரைச் சாய்த்துப் பிடித்திருந்தபோது, டேஷ்போர்டிலிருந்து தொங்கிய ஒயர் கொத்தை அவர் கையில் எடுத்துப் பார்த்தார். எலி கடித்தால் நுனி பிய்ந்து நார் நாராக இருக்கும். இவை வரிசையாக, ஒரே நேராக இருந்தன. வாழ்நாளெல்லாம் வண்டியோடு இருந்த மனுஷன்.

“இந்த ஊரு எலி கத்தரிக்கோல் வெச்சுக்கிதுடா,” என்றார் என்னிடம்.

“பாத்து எறக்குபா,” என்றாள் அக்கா.

அதற்குப் பிறகும் பல மாதம் மாமா படியில் ஏறி இறங்கினார், அதாவது நாங்கள் ஏற்றி இறக்கினோம். என் இடுப்பு போனது அந்தக் காலத்தில்தான். நர்ஸம்மா திட்டுவதை நிறுத்தவில்லை. ஒரு மழைநாளில், டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்விட்டார். கூடத்துக்கு அவர் இறங்கவே இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கிடத்த இடம் இல்லை. தெருவில் தார்ப்பாய் கட்டி, பெஞ்சுபோட்டுக் கிடத்தினோம். தார்ப்பாயின் ஒரு மூலையில் தண்ணீர் சேர்ந்து சேர்ந்து கொட்டியது. நான் கம்பால் முட்டுக்கொடுத்துக்கொண்டே நின்றேன். வந்தவர்கள் பேசாமல் இருப்பார்களா? சொந்தவீட்டுக் கூடம் இருக்க, மனுஷனைத் தெருவில் மழையில் போட்டிருக்கிறாளே என்று காதுபடவே பேசினார்கள். ஆரணியிலிருந்து திரும்பி வந்த பெண்ணின் அம்மாவும் வந்திருந்தாள். அவள் நேராக அக்காவிடமே கேட்டாள்.

“வண்டி ஓடிச்சே. தெருவே கேட்டுச்சே. அன்னிக்கே வெளிய தள்ளியிருந்தா அந்த மனுஷனை உள்ள வெச்சிருக்கலாம் இல்ல? ஊருக்கெல்லாம் பிணைச்ச கை, உன் வூட்டுக்கு ஆவலியா?”

கூட்டம் அக்காவைப் பார்த்தது. எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள், நான் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மாமாவின் இடது மணிக்கட்டு துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் துணிக்குள் வைத்து மூடினாள்.

“இல்லம்மா,” என்றாள். “எனக்குப் பிணைக்க வரல.”